நீலியின் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்!

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "மேலநீலிதநல்லூர் பஸ் எது?" என்று ஒரே மூச்சில், தடுக்காமல் கேட்டுவிட்டால் உங்களுக்குத் தமிழ் வாயில் நுழைகிறது என்று அர்த்தம். எனக்கு முன்னால் நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் "மேல நீலி... நீலத... நல்லூர்" என்று மூன்று தவணையில் கேட்டார். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காலேசுக்கா? அந்தா நிக்குல்லா, ஏறுங்க" என்றார். ஊர்ப் பெயரின் நீளத்தைப் பார்த்துவிட்டு ஜனங்கள் 'காலேஜ்' என்றே சுருக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இங்கேதான் இருக்கிறது.

பஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் சங்கரநாராயணர் கோயில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் சீமைக்கே 'விவாதச் சீமை' என்று பெயர் வைக்கலாம். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவர் சிவன்தான் பெரியவர் என்கிறார். மற்றவர் விஷ்ணுதான் என்கிறார். இருவரும் பேசித் தீராமல் அம்பாளிடம் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். அம்பாள் தீர்ப்புச் சொல்லவில்லை. புன்னை வனத்தில் தவம் உட்கார்ந்துவிட்டாள். பாதி சிவன், பாதி விஷ்ணுவாக ஸ்வாமி காட்சி கொடுத்தார். அதுதான் ஆடித் தபசு. இரண்டு ஆண்கள் போட்ட சண்டையைத் தீர்க்க ஒரு பெண் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்திருக்கிறாள் என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கல்லூரிப் பெண்கள், பூ மார்க்கெட்டிலிருந்து காலிக் கூடையோடு திரும்புகிறவர்கள், பீடிக் கட்டோடு போய்விட்டு இலையோடு வருகிறவர்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஆண்கள் நின்றுகொண்டு வந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியும்!

ஊர் வந்தது. ஊராட்சி ஒன்றியத்தின் தலைநகரம் என்பதால் அரசாங்க போர்டுகளுக்குக் குறைவில்லை. 2019இல் தென்காசி தனி மாவட்டமானதும், திருநெல்வேலியில் இருந்த ஊர் இருந்த இடத்திலேயே மாவட்டம் மாறிவிட்டது. வெயில் மட்டும் பழைய வெயில்தான். 'மேல' இருந்தால் 'கீழ' இருக்க வேண்டுமே? இருக்கிறது. கீழநீலிதநல்லூர் என்று அதுவும் தனி ஊர்.

இந்த ஊருக்கு நான் வந்ததே பெயரில் இருக்கும் 'நீலி' என்ற சத்தத்துக்காகத்தான். ஊருக்கும் நீலிக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. அந்த வேலையைக் கல்வெட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் நீலி கதையை எங்கேயாவது உட்கார்ந்து பேச வேண்டுமென்றால், அவள் பெயர் காதில் விழுகிற ஊரில் உட்கார்ந்து பேசுவதுதானே மரியாதை?

டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சீரியல். மருமகள் ஒருத்தி தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சி, கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்:

"பாத்தியளா, நீலிக் கண்ணீரு வடிக்கா!"

எனக்கு லட்டு தின்ன ஆசையா என்று கேட்ட மாதிரி இருந்தது. "அண்ணாச்சி, நீலின்னா யாரு?" என்றேன்.

"யாரா? பொய்யா அழுதவ."

"எதுக்குப் பொய்யா அழுதா?"

அண்ணாச்சி யோசித்தார். "பொம்பள அழுததுக்கெல்லாம் காரணம் கேட்டா டீ ஆறிப் போயிரும், குடிங்க" என்றார்.

பக்கத்து வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, நிமிராமலேயே குரல் கொடுத்தார். "அவன்ட்ட என்னத்தய்யா கேக்கீய? கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் கேட்டவ நான் இருக்கேன். எங்கிட்ட கேளுங்க."

கேட்டேன். ஆச்சி சொன்ன கதை, தெற்கே இசக்கியம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்களே, அதுதான். தாசி குலத்தில் லட்சுமி என்று ஒருத்தி. கோயில் பூசை செய்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் அவள் வீட்டிலேயே கிடந்து கைப்பொருளையெல்லாம் தொலைக்கிறான். காசு தீர்ந்ததும் அவள் தாய் அவனை விரட்டிவிடுகிறாள். லட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. நகையெல்லாம் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறாள். காட்டில் ஒரு கள்ளிச்செடி நிழலில் அவன் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள். அவன் தலையை மெள்ள இறக்கி மண்ணில் வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்று, நகையை எடுத்துக்கொண்டு போகிறான். சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளியைப் பார்த்து, 'நீதான் சாட்சி' என்கிறாள்.

அடுத்த பிறவியில் அவள் நீலி. அவன் ஒரு செட்டி. அவன் வழியில் வரும்போது ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்' என்று ஊர்ப் பெரியவர்களிடம் போய் அழுகிறாள். 'ஐயோ, இது பேய்' என்று அவன் கதறுகிறான். பஞ்சாயத்துக்காரர்கள் அவள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, இரண்டு பேரையும் ஒரு வீட்டில் தங்க வைக்கிறார்கள். ராத்திரி பழி தீர்ந்துவிடுகிறது.

"அன்னைக்கு வாயத் தொறந்து சாட்சி சொல்லாத கள்ளி, இப்பப் புள்ளையா வந்து சாட்சி சொல்லுது பாத்தியளா" என்றார் ஆச்சி. நூலை வாயால் கடித்து அறுத்தார். "இதுல அவ அழுதது பொய்யாய்யா? செத்தவளுக்கு அழக்கூட வேற ஆளு வரணுமோ?"

டீக்கடை அண்ணாச்சி சேனலை மாற்றினார்.

இதே கதையின் வடக்கத்திப் பதிப்பு, திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூரில் நடக்கிறது. அங்கே பஞ்சாயத்து செய்தவர்கள் 70 வேளாளர்கள். வணிகனுக்குப் பயம், கையில் கத்தி வைத்திருக்கிறான். 'மனைவியோடு தங்கப் போகிறவனுக்குக் கத்தி எதற்கு?' என்று அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று சத்தியமும் செய்கிறார்கள். காலையில் பார்த்தால் வணிகன் பிணம். சொன்ன சொல் தவறாமல் 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள். தேவாரத்தில் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே ஞானசம்பந்தர் இந்தச் சம்பவத்தைத் தொட்டுக் காட்டுகிறார்; அவ்வளவு பழைய கதை.

70 பேர் வாக்குத் தவறாமல் உயிரை விட்டது சாதாரண விஷயமில்லை. கும்பிடத்தான் வேண்டும். பழையனூரில் அவர்களுக்கு மண்டபம் இருப்பதும் நியாயம்தான். ஆனால் பாருங்கள், கதை முடிந்ததும் யார் யாருக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். வேளாளர்களுக்குப் புகழ். வணிகனுக்கு அனுதாபம். நீலிக்கு? ஒரு பழிச்சொல்! முதல் பிறவியில் மனைவியைக் கொன்றவன் பெயரில் தமிழில் ஒரு சொல்கூட இல்லை. 'செட்டிச் சிரிப்பு', 'பூசாரிப் பாசம்' என்று ஏதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அழுதவள் பெயரில்தான் சொல் இருக்கிறது. அதை அகராதியில் ஏற்றி, ஆயிரம் வருஷமாக அழுகிற பெண்கள் தலையிலெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு சட்ட நுணுக்கம். 'இவர் என் புருஷன்' என்று அவள் சொன்னது பொய்யா? முன்ஜென்மத்துக் கணக்கில் அது சத்தியம். குழந்தை மட்டும்தான் டூப்ளிகேட். சபையில் ஒருத்தராவது, 'ஏம்மா, இவன் உனக்கு என்ன செய்தான்?' என்று கேட்டிருந்தால், கள்ளிக் கொப்புக்கே அவசியம் வந்திருக்காது. 70 பேர் உட்கார்ந்திருந்த சபையில் அந்த ஒரு கேள்வி வரவில்லை.

இப்போதுதான் கதையில் ஒரு சுவாரஸ்யமான திருப்பம். பழையனூர் நீலியை ஒரு சமண முனிவர் எடுத்துக்கொண்டார். சுமார் பத்தாம் நூற்றாண்டு என்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லாமலேயே 'நீலகேசி' என்று ஒரு காப்பியம் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் பெயரை மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கியிருப்போம், அதோடு சரி. அதற்கு வாமன முனிவர் 'சமய திவாகரம்' என்று ஓர் உரை எழுதினார். 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அதை அச்சில் கொண்டுவந்தார்.

கதை ஆட்டில் தொடங்குகிறது. ராணிக்குப் பிள்ளை பிறந்ததற்கு நேர்த்திக்கடனாக, சுடுகாட்டுக் காளி கோயிலுக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அங்கே தவம் செய்யும் முனிச்சந்திரர் என்ற சமண முனிவர், 'உயிரோடு எதற்கு? மண்ணால் ஆடு செய்து வைத்துவிட்டுப் போங்கள்' என்று அனுப்பிவிடுகிறார். காளிக்குக் கோபம். தன்னால் முடியாமல், தெற்கே பழையனூரிலிருந்து நீலியை வரவழைக்கிறாள். நீலி பயமுறுத்திப் பார்க்கிறாள். அழகான பெண்ணாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. நீலி அவரிடமே பாடம் கேட்கிறாள். கேட்டு முடித்ததும் என்ன செய்கிறாள் தெரியுமா? ஊர் ஊராகப் போய், பெரிய பெரிய மத ஆசிரியர்களை வாதத்துக்குக் கூப்பிடுகிறாள்! பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, 'கண்ணால் காண்பதே மெய்' என்ற பூதவாதி என்று வரிசையாக ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்டு. கடைசிவரை ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. எல்லாம் வாயாலேயே!

சமணர் எழுதிய நூல் என்பதால் சமணம்தான் ஜெயிக்கும். புத்தரையே வரவழைத்துத் தோற்கடித்துவிடுகிறார் ஆசிரியர். அம்பயர் சொந்தக்காரராக இருந்தால் அப்படித்தான்! ஆனால் பேயாக அலைந்தவளை வாதம் செய்கிறவளாக ஆக்கினாரே, அந்தத் துணிச்சலுக்காக அவருக்கு எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

நீலகேசி எழுதப்பட்டதே இன்னொரு பெண்ணுக்குப் பதில் சொல்லத்தான். அவள் பௌத்தக் காப்பியத்து நாயகி குண்டலகேசி. அவள் கதையையும் கேளுங்கள். கொலைத் தண்டனைக்குப் போன காளன் என்ற திருடனை ஆசைப்பட்டு மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஒரு நாள் ஊடலில், 'நீ திருடன்தானே' என்று விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். அவனுக்கு அது உறுத்துகிறது. மலையுச்சிக்குக் கூட்டிப் போய்த் தள்ளிவிடப் பார்க்கிறான். 'சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வருகிறேன்' என்று சொல்லிச் சுற்றி வந்து, பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிட்டுத் துறவியாகிறாள். பிறகு அவளும் ஊர் ஊராக வாதம். அந்த நூல் முழுசாகக் கிடைக்கவில்லை. மற்ற நூல்களில் எடுத்துக்காட்டிய சில பாடல்கள்தான் மிச்சம். அதிலும் எதிர்க்கட்சியான நீலகேசியின் உரையில் கிடைப்பதுதான் கதையைத் தெரிந்துகொள்ளப் பெரிய உதவி.

ஆக, இரண்டு காப்பிய நாயகிகள். இருவரும் புருஷன் கையில் சாகப் பார்த்தவர்கள் அல்லது செத்தவர்கள். இருவரும் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

ஆட்டு விஷயத்தை விட்டுவிட்டேனே! முனிச்சந்திரர் சொன்ன யோசனையைத் தமிழ்நாட்டு அரசாங்கமும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று 1950லேயே ஒரு சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் அதைத் தட்டி எழுப்பினார்கள். சுடலைமாடனுக்கும் கருப்பசாமிக்கும் என்ன படைப்பது என்று ஊர் ஊராகத் தகராறு. 'எங்கள் சாமி சாப்பாட்டில் கை வைக்க நீங்கள் யார்' என்று கேட்டவர்களும் சரி, 'வாயில்லா ஜீவன்' என்று பேசியவர்களும் சரி, ரொம்பத் தீவிரமாகப் பேசினார்கள். 2004இல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். "அந்த வருசம் எங்க ஊருக் கெடாவெல்லாம் நெஞ்ச நிமித்திட்டு நடந்துச்சு" என்றார் டீக்கடையில் ஒருவர். சங்கரன்கோவில் பிரியாணிக்குப் பேர் போன ஊர். ஆடுகளுக்கு அந்தச் சந்தோஷம் சட்டம் இருந்தபோதே முழுசாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

மத்தியானம் கல்லூரி விட்டது. பஸ் நிறுத்தத்தில் மாணவ மாணவிகள் கூட்டம். "பட்டிமன்றத்துக்கு ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன்" என்று பேச்சுக் கொடுத்தேன். (பட்டிமன்றம் ஏதோ டி.வி. கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். 'பட்டிமண்டபம்' என்று மணிமேகலையிலேயே வருகிறது.) "நீலி அழுதது நியாயமா, நாடகமா?"

ஒரு பையன் உடனே பிடித்துக்கொண்டான். "நாடகம்தான் சார். இப்பவும் நடக்கே! 498ஏ-ன்னு பொய்க் கேஸ் போட்டு மாமியாரு, நாத்தனாரு எல்லாத்தையும் உள்ள தள்ளிருதாங்க. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு."

விஷயம் தெரிந்த பையன். கணவன் வீட்டுக் கொடுமைக்கான அந்தப் பிரிவு 1983இல் வந்தது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில், புகார் வந்ததும் யோசிக்காமல் கைது செய்யக் கூடாது, தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போலீஸுக்கு உத்தரவு போட்டது. பிரிவு ஆயுதமாகப் பயன்படுவதாகவும் சொன்னது. 2024 ஜூலையிலிருந்து பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85ஆம் பிரிவாகிவிட்டது. நம்பர் மாறியதே தவிர வாதம் மாறவில்லை.

தள்ளி நின்றிருந்த ஒரு பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "பொய்க் கேஸு இருக்கலாம் அண்ணா, இல்லங்கல. கேஸே போடாம இருக்கவங்களை யாரு எண்ணுதா?"

எண்ணியிருக்கிறார்கள் தாயே! 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனிடம் அடியோ வேறு கொடுமையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்தியா முழுக்க என்றால் 100க்கு 29. நம் பெருமைக்குரிய மாநிலம் இந்தக் கணக்கிலும் முன்னால் நிற்கிறது! வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டுப் போனவர்கள் இந்திய அளவில் வெறும் 14 சதவீதம். முக்கால்வாசிப் பேருக்கு மேல் உதவியும் கேட்கவில்லை, வாயும் திறக்கவில்லை. 1992இல் சென்னையில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்து இத்தனை வருஷம் ஆன பிறகும்!

நான் இதைச் சொன்னதும் பையன், "அப்ப பொய்க் கேஸுல மாட்டுனவன் என்ன சார் செய்வான்?" என்றான். நியாயமான கேள்விதான். பொய்ப் புகாரில் வயசான தாயோடு கோர்ட்டு வாசலில் நிற்பவனைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? ஆனால் நான் கவனித்தது வேறு. அவன் தெரிந்து பேசினான், அவள் தெரிந்து பேசினாள். இருவரும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பேசவிட்டார்கள். பழையனூர் சபையில் இது நடக்கவில்லை.

பஸ் வந்துவிட்டது. வாதத்தை ஃபுட்போர்டில் தொடர்ந்தார்கள். பாதிதான் எனக்குக் கேட்டது.

நீலியோடு இவ்வளவு தூரம் வந்துவிட்டு, கழுகுமலையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகும் சாலையில் இருக்கிறது. எல்லாரும் ஒற்றைக் கல்லில் குடைந்த வெட்டுவான் கோயிலைப் பார்த்துவிட்டு, கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் ஏறுங்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பாறை முழுக்கத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி, கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜாக்கள் பெயரைத் தேடாதீர்கள். தச்சர், குயவர், கொல்லர் என்று நம்மைப் போன்றவர்கள்தான். அதோடு 'குரத்தி'கள் பெயர். குரத்தி என்றால் பெண் குரு. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று வரிசையாக வருகிறார்கள். அவர்களுடைய மாணாக்கர்கள் பெயரும் வருகிறது. ஆண் மாணாக்கர்களும் உண்டு! நீலகேசியை எழுதியவர் பேசுகிற பெண்ணை வெறும் கற்பனையில் பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்து மலைகளில் அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதே பாறையில் அம்பிகா என்ற இயக்கியின் சிற்பம் இருக்கிறது. இயக்கிதான் நம் ஊர் வாயில் இசக்கியானாள் என்கிறார்கள் அறிஞர்கள். அம்பிகாவின் கதையும், நீங்கள் ஊகித்தபடி, புருஷன் கதைதான். சமண முனிவருக்குச் சோறு போட்டாள் என்பதற்காகக் கணவன் அவளைப் பிள்ளைகளோடு வீட்டைவிட்டுத் துரத்தினான், அவள் தெய்வமானாள். சிற்பத்தில் அவள் நிதானமாக நிற்கிறாள். பக்கத்தில் பிள்ளைகள், ஒரு சிங்கம், கையைத் தூக்கியபடி ஓர் ஆண்.

காலை 8 மணிக்குள் ஏறிவிடுங்கள். அதற்கு மேல் பாறை சுடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வட்டெழுத்துப் படிக்க முடியாது.